கிணற்று நீரும் ஆய்வுக் கட்டுரையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கித் தங்குகின்றது. அந்நீரையே நாம் கிணற்றில் அள்ளிக் குடிக்கின்றோம், தோட்டத்துக்கும் இறைக்கின்றோம். ஆதலால், ‘நேற்று வரை நன்னீர் தந்த கிணறு இன்று உவர்த்துப் போனதேன்?’ என்ற வினா நமக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. அடுப்படி வரை வந்து நிற்கும் வினாவாகும்.

இதற்கு விடை தேடிப் பல்கலைக் கழக நூல்நிலையத்துட் புகும் மாணவர் முதலில் எடுப்பது பாடநூலை. அது தக்கதே. ஆயினும் பாடநூல் முடிந்த முடிபை மட்டுமே உரைக்கும். அம்முடிபு எங்கே, எவ்வாறு, எத்தனை அளவைகளால் எய்தப்பெற்றது என்பதை அறிய வேண்டின், பொறியியற் சஞ்சிகைகளில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளையே நாட வேண்டும்.

சான்றாக ஒன்று காண்போம். 1888-ஆம் ஆண்டளவில் ஒல்லாந்து தேசத்துப் பாடன் கைபன் என்பவர், ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அண்மையில் தோண்டவிருந்த கிணறு பற்றி ஒரு குறிப்பு எழுதினார். 1901-இல் ஜெர்மனியரான ஹெர்ஸ்பர்க் வடகடற்றீவுக் கிணறுகளை ஆராய்ந்து அதே உண்மையைத் தாமாகவே கண்டார். கடல் நீரிலும் நன்னீர் எடை குறைந்தது. எனவே கரையோர நிலத்தடியில் அது உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. அளவு கடந்து இறைத்து மேலே ஓரடியை இழந்தால், கீழே உவர் 40 அடி வரை மெல்ல மேலெழக் கூடும். எங்கோ கடலுக்கப்பால் எழுதப்பட்ட கட்டுரை, நம் வீட்டுக் கிணற்றின் கதையைச் சொல்வது வியப்பன்றோ!

இத்தகைய கட்டுரைகளைக் கண்டெடுப்பது எங்ஙனம்? நூல்நிலையப் பட்டியல் நூல்களின் பெயரையும் சஞ்சிகைகளின் பெயரையுமே பெரும்பாலும் காட்டும். சஞ்சிகையின் உள்ளே உள்ள ஒவ்வொரு கட்டுரையையும் காட்டாது. அதற்கெனச் சுட்டிகள் உள்ளன. பொறியியற் கட்டுரைகளுக்கான ‘எஞ்சினியரிங் இன்டெக்ஸ்’ 1884-இலேயே தொடங்கியது. முன்னர்த் தடித்த தொகுதிகளாய் வந்த இச்சுட்டிகளை இன்று கணினியிலே தேடலாம்.

தேடும் சொல்லிலும் கவனம் வேண்டும். 1972-இலே நம் நாட்டின் பெயர் மாறியது. ஆகையால் ‘ஸ்ரீலங்கா’ என்று மட்டும் தேடுவோர்க்கு, ‘சிலோன்’ என்ற பெயரில் எழுதப்பட்ட பழைய கட்டுரைகள் அகப்படாமற் போகலாம். தொண்டைமானாறு, வடமராட்சி, வலிகாமம் முதலிய ஊர்ப்பெயர்களையும் ஆங்கிலத்தில் ஒருவர் எழுதியவாறு மற்றொருவர் எழுதுவதில்லை. எழுத்து வேறுபாடுகளையெல்லாம் ஒரு தாளிற் குறித்து வைத்துத் தேடுதல் நலம்.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால் வழி திறந்ததாகும். அதன் இறுதியிலுள்ள மேற்கோட் பட்டியல் முன்னோரிடம் அழைத்துச் செல்லும். அதனைப் பின்னர் எடுத்தாண்டோர் யாவர் என்பதை, 1964-இல் யூஜின் கார்ஃபீல்ட் தொடங்கிய மேற்கோட் சுட்டி போன்றவை காட்டும். கட்டுரை கைக்கு எட்டவில்லையெனின் நூலகரிடம் கேட்கத் தயங்கலாகாது. வேறு நூல்நிலையத்திலிருந்து பெற வழியுண்டு. ஆசிரியருக்கே எழுதிக் கேட்டாலும் பலர் மகிழ்ந்து அனுப்புவர். சீர்காழியிற் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளுள், வாசகரின் நேரத்தைக் காப்பதும் ஒன்றாகும்.

கிடைத்ததை அப்படியே நம்புவதும் அறிவுடைமையன்று. மணற்றரையில் அளந்த கணக்கு, வெடிப்பும் குகையும் நிறைந்த நம் சுண்ணாம்புக் கல்லுக்கு முற்றும் பொருந்துமா என்று வினவ வேண்டும்.

இவ்வினவலின் பயனை நம் மண்ணிலேயே காணலாம். 1954-இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தை முன்வைத்தார். கடல்வாய்களைத் தடுத்துக் களப்புகளை நன்னீராக்குவதும், கனகராயன் ஆறு ஆனையிறவுக் களப்புக்குக் கொணரும் நீரை முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக்குத் திருப்புவதும் அவர் எண்ணம். பல பத்தாண்டுகள் கடந்தும் அது எண்ணியவாறு முற்றுப்பெறவில்லை. தோட்டக்காரருக்கு நன்னீர் வேண்டும். களப்பை நம்பிய மீனவருக்கு இறால் வேண்டும். இருவருக்கும் நீதி செய்யும் முடிவை உரத்த குரல் தராது. ஆண்டாண்டாய் அளந்து எழுதிய கணக்கே தரும்.

எழுதியவை அழிந்தால் என்ன நேரும் என்பதை நாம் நன்கறிவோம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூல்நிலையத்தார் ஈழத்து ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்து வருவது பெரும்பணியாகும்.

மாணவர்களே! கட்டுரைகளைத் தேடிப் படிப்பதோடு நில்லாதீர்கள். உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் நாளிட்டு எழுதி வையுங்கள். பின்னொரு நாள் அக்கணக்கையும் ஒருவர் தேடி வரக்கூடும்.