வார் பிடித்த கத்தியும் பாதி பிளேடும்

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிற கம்பம் பள்ளத்தாக்கில், அன்று சவரத்துக்குக் கூலி காசாக வரவில்லை. வருசம் முழுக்க வீடு தேடிப்போய் மழித்துவிட்ட நாவிதருக்கு அறுப்புக் களத்தில் நெல் அளந்தார்கள். வைத்தியமும் அவர் கையில்தான். பிரசவம் பார்த்தது அவர் வீட்டுப் பெண்கள். ஆனாலும் வயதில் மூத்தவரை ஊர் ஒருமையில்தான் கூப்பிட்டது. அவர் அடப்பப் பையைப் பிரித்தால் கத்தரி, சாணைக்கல், தோல்வார், படிகாரம். எல்லாவற்றுக்கும் மேலாக அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கிய கத்தி.

அந்தக் கத்தி எங்கே செய்தது என்பது தொழிலாளிக்குப் பெரிய விஷயம். உள்ளூர்க் கொல்லுப்பட்டறைக் கத்தி மலிவு. ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊரில் செய்த பழைய கத்திகள் முதுகு தடித்தவை, கனமானவை. அந்தக் கனமே பாதி வேலையைச் செய்துவிடும். மொட்டை அடிக்க அதுதான் வாகு. ஜெர்மனியின் சோலிங்கன் கத்தி வேறு ரகம். இரு பக்கமும் குழிவாக அரைத்து, முனையை மெல்லிசாக்கியிருப்பார்கள். தாடையின் வளைவில் முடி அறுபடுவது கைக்கே தெரியும். அடிக்கடி வாரில் இழுத்தால் போதும், கல்லுக்குப் போக அவசரமில்லை. 1938 முதல் சோலிங்கன் என்ற ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வேறு எங்கும் செய்த கத்தியில் அதைப் பொறிக்க முடியாது. 1906-இல் தொடங்கிய டோவோ அந்த ஊர் நிறுவனம்தான். முகத்துக்கு எது என்று கேட்டால் நான் தயங்காமல் சோலிங்கன் என்பேன்.

கத்தி எஃகின் பெருமையில் நமக்கும் பங்கு உண்டு. தமிழகம் உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளில் மூசையில் உருக்கிய எஃகு லண்டன் வரை போயிற்று. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வினைஞர் அதை விரும்பி வாங்கினார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் அந்த எஃகின் சூட்சுமத்தைத் தேடி எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820-இல் கட்டுரை வெளியிட்டார்கள். தம் சோதனை எஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகவும் கொடுத்தார்.

இன்று தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று எந்த ஊர் சலூனிலும் வார் பிடித்த கத்தி இல்லை. மடக்குப்பிடியில் பாதி பிளேடைச் செருகுகிறார்கள். ஒருவருக்குச் சவரம் முடிந்ததும் அது குப்பைக்குப் போகிறது. 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டதும், 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்ததும், ஒரே கத்தி பல கன்னங்களில் ஓடிய வழக்கத்தை முடித்துவைத்தன. முடிந்ததும் நல்லதுதான். மஞ்சள்காமாலைக் கிருமி காய்ந்த ரத்தத் துளியிலும் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். கத்தியை வாரில் இழுத்தால் அது சாகாது. வீரபாண்டி கோயில் சித்திரைத் திருவிழாவில் வரிசையாக மொட்டை அடிக்கும்போது தலைக்கொரு புது பிளேடு என்பதில் சலுகையே கூடாது. அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணமில்லை. அந்தத் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் வந்தது. நெல்லுக்குக் காத்து நின்ற தலைமுறையிலிருந்து இது பெரிய தூரம்.

போனது கை வித்தை. கத்தியின் முதுகு முன்னே போக, முனை பின்னே வர, வாரில் தட்டையாக இழுத்துத் திருப்புகிற அந்த மணிக்கட்டுப் பழக்கத்தைப் பாதி பிளேடு கேட்பதில்லை.

வீட்டில் சொந்தமாகக் கத்தி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் எட்டில் ஐந்து அங்குல அகலத்தில், கார்பன் எஃகில் சோலிங்கன் கத்தியாக வாங்குங்கள். ஒரு கத்தி ஒரு முகத்துக்கு மட்டும். ஆனி, ஆடிச் சாரலில் துரு ஒரே ராத்திரியில் ஏறும். துடைத்து, எண்ணெய் தொட்டு வையுங்கள். வார் பிடிக்கத் தெரிந்த பெரியவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்; உரிய கூலியையும் கையில் கொடுங்கள்.