கெனாங்கா மலரெண்ணெய்: பயனும் அளவும்

ஆயர் குரோ சுற்றுவட்டாரத் தோட்டப்புறங்களில் கெனாங்கா மரத்தை அறியாதார் மிகச் சிலரே ஆவர். ஆறு இதழ்கள் நீண்டு தொங்கும் அதன் மலர் முதலில் பச்சையாக இருந்து, நன்கு முதிர்ந்த பின்னரே மஞ்சள் நிறம் அடைகின்றது. சீத்தாப்பழம், துரியான் பெலாண்டா, தமிழகத்தில் புகழ்பெற்ற மனோரஞ்சிதம் ஆகியவை இம்மரத்தின் உறவினங்கள். மலாக்கா நியோன்யா மக்கள் பண்டான் இலையை மெல்லியதாக அரிந்து, இம்மலரையும் சேர்த்துச் செய்யும் 'புங்கா ராம்பாய்' என்னும் மணக்கலவையும் பலர் அறிந்ததே.

இம்மலரின் எண்ணெய் 'இலாங் இலாங்' என்னும் பெயரில் சிறு புட்டிகளில் அடைக்கப்பட்டு, இன்று பசார் மாலாமிலும் கைப்பேசி வழியாகவும் விற்பனைக்கு வருகின்றது. இரத்த அழுத்தம் தீரும், நீரிழிவு நீங்கும் என்று கூறி விற்போரும் உளர். அச்சொல்லை நம்பி ஒருவர் அரசாங்க மருந்தகத்தின் மாத்திரையை நிறுத்திவிட்டால் நேரும் கேடு பெரிது. ஆகவே இவ்வெண்ணெயால் ஆவது எது, ஆகாதது எது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பால்மரத்தை விடியற்காலையில் வெட்டினால்தான் பால் நன்கு ஒழுகும். கெனாங்கா மலரையும் அவ்வாறே வெயில் ஏறுமுன் பறிக்கின்றனர். வெயில் ஏற ஏற மணம் குறைந்துவிடும். பறித்த மலரைக் கசங்காமல் அன்றே கொப்பரையில் இட்டு, நீராவியால் வடிக்க வேண்டும். நீராவி மணத்தை ஏந்திச் சென்று, குளிர்ந்த குழாயில் மீண்டும் நீராகும்போது, எண்ணெய் மேலே மிதக்கின்றது. 100 கிலோ மலரிலிருந்து ஏறத்தாழ 2 கிலோ எண்ணெயே கிடைக்கும். வடித்தல் பல மணி நேரம் நீடிக்கும். முதலில் இறங்கும் எண்ணெய் 'எக்ஸ்ட்ரா' எனப்படும். விலை மிக்கது அதுவே. பின்னர் இறங்குபவை முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எனப் பிரிக்கப்படும். பாலுக்கு ஒரு விலை, ஒட்டுப்பாலுக்கு வேறு விலை என்பதை அறிந்த தோட்டத் தொழிலாளர்க்கு இது புதிதன்று.

19ஆம் நூற்றாண்டில் பிலிப்பைன்சின் மணிலா நகரம் இவ்வெண்ணெய்க்குப் பெயர் பெற்றிருந்தது. பின்னர் இத்தொழில் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரியூனியன், மடகாஸ்கர், கொமொரோஸ் தீவுகளுக்குச் சென்றது. அங்கே, வானோங்கி வளரும் இம்மரத்தை ஆள் எட்டிப் பறிக்கும் உயரத்திலேயே வெட்டி வளைத்து வளர்க்கின்றனர். 1921இல் பிரான்சில் வெளியான 'ஷனேல் எண் 5' என்னும் புகழ்பெற்ற வாசனைத் திரவியத்திலும் இம்மலரின் மணம் சேர்ந்துள்ளது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஆடவர் 'மக்காசார் எண்ணெய்' என்னும் தலையெண்ணெயை மிகுதியாகப் பூசினர். நாற்காலிகளில் எண்ணெய்க் கறை படியாதிருக்க அங்குள்ள இல்லத்தரசியர் சாய்மானத்தில் துணி விரிக்கலாயினர்; தேங்காய் எண்ணெய் தடவிய தலையைத் தலையணையில் வைக்கும் நம் வீடுகளுக்கும் அத்தொல்லை தெரியும்.

இனிப் பயனைக் காண்போம். இம்மணம் மனத்திற்கு அமைதி தருவதாகப் பலரும் உணர்கின்றனர். 2004, 2006ஆம் ஆண்டுகளில் வெளியான இரு ஆய்வுகளில், நலமுள்ள சிலர் இவ்வெண்ணெயை முகர்ந்தபோதும் தோலில் பூசியபோதும் இரத்த அழுத்தம் சற்றுத் தணிந்தது. எனினும் அவை சிறிய ஆய்வுகள். அவற்றில் கலந்துகொண்டோர் நோயாளிகள் அல்லர். சற்று நேரம் தணிதல் வேறு, நோய் தீர்தல் வேறு. நீரிழிவை இவ்வெண்ணெய் குணப்படுத்தும் என்பதற்கோ ஆதாரம் இல்லை. நாள் முழுதும் உழைத்து அலுத்தவர் இரவில் கைக்குட்டையில் ஒரு துளி விட்டு முகர்ந்து உறங்கலாம். மாத்திரையையும் தவறாமல் உட்கொள்ள வேண்டும்.

தோலில் பூசுவோர் இதனை ஒருபோதும் தனியே பூசலாகாது. சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகும். 100 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு 15 துளி போதும். அதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்தல் நலம். மணம் மிகுந்தால் தலைவலியும் குமட்டலும் வரலாம். கைக்குழந்தைகளுக்குப் பூச வேண்டா. கருவுற்ற தாய்மார் கிளினிக்கில் கேட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

லயத்தருகே மரம் உள்ளவர்களுக்குப் புட்டியே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. மஞ்சளாக முதிர்ந்த மலர்களைப் பறித்து, ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, தேங்காய் எண்ணெயில் சில நாள்கள் ஊறவைத்து வடிகட்டினால் நல்ல தலையெண்ணெய் கிடைக்கும். வாடவிடாது போட்டால் ஈரத்தால் பூசணம் பிடிக்கும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில உள. ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டு இரண்டு நாள் வையுங்கள். எண்ணெய்க் கறை அப்படியே பரவி நின்றால், சாதாரண எண்ணெய் மிகுதியாகக் கலந்துள்ளது எனலாம். ஆனால் செயற்கை மணத்தை இச்சோதனை காட்டிக் கொடுக்காது. ரப்பர் மூடியிட்ட சொட்டுக் குழாயை இவ்வெண்ணெயில் விட்டு வைக்காதீர்கள். நாம் வெட்டும் பாலிலிருந்து பிறந்த ரப்பர் இதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும்.

மருந்து என்று கூறி விற்றால், புட்டியில் 'எம்.ஏ.எல்.' என்ற எழுத்துகளுடன் தொடங்கும் பதிவு எண் உள்ளதா என்று பாருங்கள். எண் இருப்பினும் ஐயம் தோன்றினால் அரசாங்க மருந்தகத்தில் மருந்தாளரிடம் காட்டலாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், புற்றுநோய் முதலிய நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கின்றது.

புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான நீரால் கால் மணி நேரம் கழுவுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.