சுழலும் சக்கரமும் சுத்தியலும்

தேருக்கு அச்சாணி எதுவோ, காருக்குப் பின்சக்கரப் பேரிங்கும் வீல் போல்ட்டும் அதுவே. புனேயில் பயிலும் நம்மிடையே பழைய வண்டிகளின்மீது பற்றுக் கொண்டோர் சிலர் உண்டு. அவர்களுக்காக, நான் பழகியறிந்த ஒரு வேலையை இங்கு விளக்குகிறேன்.

1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டு காரை அடிப்படையாகக் கொண்டது. ஹெரால்டு நமக்கு அந்நியமன்று; 1961 முதல் சென்னையில் உருவான வண்டி! இரண்டிலும் பின்சக்கரத்தைச் சுழற்றுவதும் அச்சுத்தண்டே; பிடித்து நிறுத்துவதும் அதுவே. தண்டின் நுனி முறிந்தால் சக்கரம் வண்டியை விட்டே ஓடிவிடும்.

ஓடும்போது எழும் முழக்கம் வேகத்தோடு வளர்ந்தால் ஐயம் கொள்ளுங்கள். வண்டியை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

டிரம்மைக் கழற்றினால் ஹப் தெரியும். கூம்பான தண்டு நுனியில் அது பல்லாண்டு இறுகிக் கிடக்கும். இங்கேதான் பலருடைய கை சுத்தியலைத் தேடுகிறது. தண்டின் நுனியில் அடித்தால் மரை நசுங்கும். அதிர்ச்சி டிஃபரன்ஷியல் வரை பாயும். கனமான புல்லரால் நேராக இழுப்பதே முறை. நுனி நட்டைச் சில மரைகளில் விட்டுவைத்தால், ஹப் திடீரெனத் தெறித்து வராது. வந்தபின் கூம்பிலும் கீ பள்ளத்திலும் விரிசல் உண்டா என்று பாருங்கள்.

பேரிங்கைத் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். கூட்டில் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும். விசை உருண்டைகளின் வழியே சென்றால் அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். புதிய பேரிங் அன்றே முதுமை எய்தும். உள்ளிருக்கும் ஊசி பேரிங்கையும் ஆயில் சீல்களையும் உடன் மாற்றுங்கள்.

ஹப்பில் நான்கு போல்ட்டுகள். ஒன்று முறிந்திருந்தால் அதன் சுமையை மற்ற மூன்றும் சுமந்திருக்கும். ஆகவே நான்கையும் மாற்றுக. இவற்றையும் பிரஸ்ஸில் வைத்து நேராக அழுத்துவதே நலம். சக்கர நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் சரிபாருங்கள்.

பேரிங் வளையத்தில் பொறித்த எண்ணே அதன் முகவரி. அதைக் குறித்துக்கொண்டு நானா பேட் உதிரிப்பாகக் கடைகளுக்குச் செல்லுங்கள். 1907-இல் சுவீடனில் தோன்றிய எஸ்.கே.எஃப். நிறுவனத்தின் பேரிங் ஆலையும் நம் சிஞ்ச்வடிலேயே இருக்கிறது. சென்னையில் பிறந்த வண்டிக்குப் புனேயில் மறுவாழ்வு கிடைக்கட்டும். சுத்தியல் மட்டும் பெட்டியிலேயே உறங்கட்டும், நண்பர்களே!