ஆக்சிஜன் 99, ஆனாலும் மூச்சு போதவில்லை

விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 99 காட்டுகிறது. ஈசிஜி, எக்ஸ்ரே இரண்டிலும் குறை இல்லை. ஆனாலும் “மூச்சு முழுசா எறங்கல டாக்டர்” என்கிறார் வந்தவர். கருங்கல் பக்கத்திலிருந்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைந்துவிட்டு, இதே குறையோடு திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு மூச்சு குறைவாக இல்லை. தேவைக்கு மேல் ஓடுகிறது.

மூச்சு வாங்கச் சொல்லி நம்மை உந்துவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்சைடின் ஏற்றம். கருங்கல்லுக்கு அருகே இனயம் போன்ற கடலோர ஊர்களில் பாறைகளில் ஒட்டிய சிப்பியை எடுக்க மூச்சடக்கி மூழ்குவார்கள். இப்படி மூழ்குகிற எவரும் அதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்தால் ஆபத்து. அதனால் ஆக்சிஜன் சேமிப்பு பெரிதாகக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் வெளியேறிவிடும். மேலே வரச் சொல்லும் உந்துதல் தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்கடியிலேயே நினைவு தப்பலாம்.

கரையில் இருப்பவருக்கு இதே வாயு குறைந்தால் தொல்லை வேறு விதம். ரத்தத்தில் அதன் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்க வேண்டும். அது குறையும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மூளைக்குப் போகும் ரத்தம் சுமார் 2 முதல் 4 சதவீதம் குறையும்; அதிகம் குறைந்தால் தலை சுற்றும். ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியம் குறையும். உதட்டோரமும் விரல் நுனியும் மரத்துப்போகும், சில நேரம் கைவிரல்கள் மடங்கி இறுகும். ஹீமோகுளோபினும் ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. 1904இல் டென்மார்க் அறிஞர் கிறிஸ்டியன் போர் விளக்கிய விளைவு இது. ஆக்சிமீட்டர் 99 காட்டும்போதே ஒருவர் தவிக்க இவையெல்லாம் காரணமாகலாம்.

பயமோ மனச்சுமையோ நாள்பட நீடித்தால் தேவைக்கு மேல் மூச்சு விடுவது பழக்கமாகிவிடும். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றி ரத்தத்தின் காரத்தைச் சமன் செய்துகொள்கிறது. உடல் கார்பன் டை ஆக்சைடின் குறைந்த அளவுக்கே பழகிப்போவதால், பிறகு நாலு பெருமூச்சே எல்லாவற்றையும் கிளப்பிவிடப் போதும்.

அடையாளங்கள் இவை: அடிக்கடி பெருமூச்சு, கொட்டாவி, வாயால் மூச்சு, வயிறு அசையாமல் மேல்மார்பும் தோளும் ஏறி இறங்குவது, பேசும்போது வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்குவது, ஏப்பம், வயிற்று உப்புசம், சில்லிட்ட கைகள். உழைக்கும்போது பரவாயில்லாமல் இருந்து, ஓய்வாக உட்கார்ந்ததும் திணறல் வருவது முக்கியமான தடயம்.

சித்தர் மரபு நாளுக்கு 21,600 மூச்சு என்று கணக்கு வைத்தது. அது நிமிடத்துக்கு 15; இன்றைய மருத்துவம் சொல்லும் 12 முதல் 20க்குள் அடங்குகிறது. எண்ணுவதானால் உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் ஒருவர் எண்ணட்டும். கவனித்தாலே மூச்சு மாறிவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஆழம் கூடுதலாக இருக்கலாம். இந்த அறிகுறிகளை மதிப்பிட நெதர்லாந்தில் 1980களில் உருவான நைமேகன் வினாப்பட்டியலில் 16 கேள்விகள், மொத்தம் 64 மதிப்பெண். 23க்கு மேல் போனால் சந்தேகிக்கலாம். அதுவே முடிவான தீர்ப்பல்ல.

வேறு நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் இதை மிகைமூச்சு என்று முடிவு செய்ய வேண்டும். இழுப்பு, ரத்தசோகை, தைராய்டு, இதயக் கோளாறு எல்லாமே மூச்சை வேகப்படுத்தும். சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் அமிலம் ஏறினாலும் மூச்சு ஆழமாக ஓடும். அது உடலின் தற்காப்பு, அதை அடக்கக் கூடாது. நெஞ்சுவலி, வியர்வை, உதடு நீலம், மயக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியமும் வேண்டாம். திணறலுக்குக் காரணம் மாரடைப்பாக இருந்தால், பைக்குள் ஆக்சிஜன் குறைவது உயிருக்கே வினையாகும்.

மற்றவர்களுக்கு மருந்து குறைவு, பயிற்சி அதிகம். வாயை மூடி மூக்கால் இழுத்து, வயிறு மெல்ல உயர, இழுத்ததைவிட நீளமாக வெளியே விட வேண்டும். பெருமூச்சு வரும்போது அதை விழுங்கிவிட்டு அடுத்த மூச்சைச் சிறிதாக எடுக்க வேண்டும். தொடக்கத்தில் காற்று போதாததுபோல் தோன்றும். குறைந்த கார்பன் டை ஆக்சைடுக்குப் பழகிய மூளை எழுப்பும் பொய் எச்சரிக்கை அது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் மேற்பார்வையில் சில வாரங்கள் பழகினால் அந்த எச்சரிக்கை மெல்ல அடங்கும்.