நெடுநோயும் ஊர்த்துணையும்

கற்பிட்டித் துறையிற் படகேறி வடக்கு நோக்கிச் செல்வோர்க்கு, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் குடாவின் அமைதி நீரும் சூழ நீண்டு கிடக்கும் மணற்றிட்டொன்று தோன்றும். அதுவே உச்சமுனை. அங்கு வாழ்வோர் கடலை நம்பி வாழ்பவர். கால் புதையும் மணலே அவர்தம் தெரு. பெரிய வைத்தியசாலைக்கோ கடைத்தெருவுக்கோ போக வேண்டுமாயின், மீண்டும் படகேறிக் கற்பிட்டிப் பக்கம் வருதல் வேண்டும். இத்தகைய ஊரில் ஒருவர் உடல் அசையாமையால் நலிவுறுகிறார் என்றால் கேட்போர் வியப்பர். கடலில் உழைப்பவனுக்குத் தேகாப்பியாசம் எதற்கு என்று வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் அது திடமாக இருப்பவனைப் பற்றிய வினா. நோய் கண்டவனைப் பற்றியது அன்று.

கரைவலை இழுப்பதைக் கண்டவர் அறிவர். கடலில் வளைத்துவிட்ட வலையின் இரு கயிறுகளையும் இரு வரிசை ஆட்கள் பற்றி, அம்பாப் பாட்டின் அடிக்கு அடி பின்வாங்கி, மடி கரை சேரும்வரை இழுப்பர். இவ்வரிசையில் இருபது, முப்பது ஆண்டுகள் நின்ற ஒருவருக்கு ஐம்பது வயதளவில் நீரிழிவோ, இரத்த அழுத்தமோ, நெஞ்சுநோயோ இருப்பதாகத் தெரியவருகிறது. அன்றே அவர் கையிலிருந்து கயிறு வாங்கப்படுகிறது. "அண்ணே, நீங்கள் இருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்" என்று தோழர் சொல்வர். வீட்டிலே மகன் தண்ணீர்க் குடத்தைத் தான் தூக்கிக்கொள்வான். தாய்க்கு நோயென்றால், கருவாடு உலர்த்தும் இடத்துக்கு அவள் வரவேண்டாம் என்று மகள் தடுப்பாள். இவையாவும் அன்பினாற் செய்யப்படுவன. ஆனால், இந்த அன்பு நோயாளியைத் திண்ணையில் இருத்திவிடுகிறது. ஓராண்டு இருந்தவருக்குத் தொடைத் தசை மெலிந்து, வயிறு பருத்து, நூறு அடி நடந்தாலே மூச்சு வாங்கும். நோய் முற்றிவிட்டது என்று ஊர் நினைக்கும். முற்றியது நோய் மட்டுமன்று. இருப்பும் சேர்ந்தே முற்றியது.

இதற்காக ஊராரைக் குறை கூறுவதற்கில்லை. மருத்துவ உலகமே நெடுங்காலம் இக்கருத்தைத்தான் கொண்டிருந்தது. மாரடைப்பு உற்றவரை ஆறு வாரமளவும் படுக்கையிற் கிடத்துவது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வழக்கமாக இருந்தது. 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சாமுவேல் லெவைன், பேர்னாட் லவுன் என்னும் வைத்தியர் இருவர், அத்தகைய நோயாளரை விரைவிலேயே எழுப்பி நாற்காலியில் அமர்த்தலாம் என எழுதியபோது அது துணிச்சலான செயலாகவே கருதப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில், 1953இல், இலண்டன் மாநகர்ப் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரை ஆராய்ந்த ஜெரி மொரிஸ் என்பாரின் கட்டுரை வெளிவந்தது. இருதட்டு பஸ்ஸில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் சாரதியைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநருக்கு இருதய நோய் குறைவாகவே வந்தது என்பது அதன் முடிபு. ஒரே பஸ்ஸில் செல்லும் இருவரில் ஒருவரின் இருதயத்தைப் படிகள் காத்தன.

இது எவ்வாறு நிகழ்கிறது? உண்ட உணவின் சர்க்கரை குருதியிற் கலந்து உடலெங்கும் ஓடுகிறது. அதைத் தசைகளுக்குள் புகவிடும் திறவுகோல் இன்சுலின் என்னும் சுரப்பு. நீரிழிவில் அச்சுரப்புக் குறைகிறது, அல்லது இருந்தும் பயன்படாது போகிறது. ஆனால், இயங்கும் தசைக்கு வேறொரு வாயிலும் உண்டு. நடக்கும்போது கால்தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை உள்வாங்கிக்கொள்ளும். நடை நின்ற பின்னரும் ஒரு நாளளவு அதன் பயன் நீடிக்கும். ஆதலின் ஒரு நாள் வெகுதூரம் நடந்து ஆறு நாள் ஓய்ந்திருப்பதைவிட, ஒன்றுவிட்டொரு நாளேனும் சிறிது நடப்பது மேல். இரத்த அழுத்தமும் இவ்வாறே ஒழுங்கான நடையினால் தணியும். முழங்கால் நோவுடையோர் நடந்தால் மூட்டுத் தேய்ந்துவிடும் என்று அஞ்சுவர். உண்மையில், தொடைத் தசை வலுத்தால்தான் மூட்டின் சுமை குறையும். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளில், நாட்பட்ட நோயுடையோர்க்கென முதன்முறையாகத் தனியே அளவு கூறப்பட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு என்பதே அவ்வளவு. அவ்வளவு இயலாதோர் இயன்றதைச் செய்தாலும் நன்மையே என்றும் அதிற் கூறப்பட்டுள்ளது. பேசிக்கொண்டு நடக்க முடியவேண்டும், பாட முடியாதிருக்கவேண்டும். மிதமான நடைக்கு இதுவே எளிய அளவுகோல்.

மணற்கரைக்கென்றே சில எச்சரிக்கைகள் உள. நீரிழிவு நாட்பட்டவரின் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். சிப்பி கீறினாலும் சுடுமணல் கொப்புளித்தாலும் அவர் அறியார். மாலையில் யாரேனும் பாதத்தைப் பார்த்துச் சொன்னாற்றான் தெரியும். கடற்கரையில் வளர்ந்தவனுக்குச் செருப்பு அணிவது நாணமாகத் தோன்றலாம். ஆனால், அந்த நாணத்துக்கு விலையாகச் சிலர் காலையே கொடுத்திருக்கின்றனர். இன்சுலின் ஏற்றுவோரும் சர்க்கரையை இறக்கும் மாத்திரை உண்போரும் மடியில் ஒரு துண்டு கருப்பட்டியோ சீனியோ வைத்துக்கொண்டே புறப்படவேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிற்கவேண்டும். நெஞ்சுநோய் கண்டவர், எவ்வளவு நடக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டறிந்த பின்னரே தொடங்குதல் தகும். வலைக்கயிற்றைப் பழையபடி மூச்சடக்கி இழுப்பது அவருக்கு ஆகாது. தோழர் கயிற்றை வாங்கியதில் தவறில்லை; அதற்கு ஈடாக வேறொன்றைக் கொடாததே தவறு.

இனி, அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதைப் பார்த்தல் வேண்டும். இலங்கையில் நிகழும் மரணங்களில் நூற்றுக்கு 83 தொற்றா நோய்களால் நேர்வன என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட கணிப்புக் கூறியது. நாட்டின் சுகாதாரத் துறையும் வாளா இருக்கவில்லை. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது முதல், வைத்தியர் ஊரைத் தேடிச் செல்வது இந்நாட்டின் மரபாயிற்று. அம்மரபின் வழியே, 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் நிறுவப்பட்டு, நடுவயதினரின் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியன அங்கு சோதிக்கப்படுகின்றன. எனினும் பெண்கள் வருமளவுக்கு ஆண்கள் அங்கு வருவதில்லை. பகற்பொழுதிற் கடலிலோ கூலி வேலையிலோ நிற்பவன் எப்படி வருவான்? வந்தவனுக்கும் "நாளும் அரைமணி நேரம் நட" என்று சொல்லப்படுகிறது. எங்கே நடப்பது, யாரோடு நடப்பது, ஊரார் நகைத்தால் என் செய்வது என்பவற்றுக்கு மருந்துச் சீட்டில் இடமில்லை. வேலையின்றித் தனியே கரையில் அங்குமிங்கும் நடக்கும் ஆடவனை மீனவர் ஊர் எவ்வாறு நோக்கும் என்பது அவ்வூரார்க்குத் தெரியும். பெண்ணின் நிலை இன்னும் அரிது.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்ற மூன்றோடு, அருகிருந்து பணிபுரிபவனையும் நான்காம் கூறாக எண்ணினார். நாட்பட்ட நோயில் அந்த நான்காமவன் ஒருவனாக இருத்தல் இயலாது. பத்து நாளில் தீரும் காய்ச்சலுக்கு மனைவியோ மகனோ போதும். இருபது ஆண்டு உடனிருக்கும் நோய்க்கு ஊரே அந்த இடத்தில் நிற்கவேண்டும்.

ஊர் நின்ற ஓர் இடம் சென்னையில் உண்டு. நீரிழிவு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற டாக்டர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் 1996ஆம் ஆண்டில் சென்னையின் இரு குடியிருப்புகளை ஆராயத் தொடங்கினர். திருமங்கலத்தில் நடுத்தர வருவாயினர் வாழும் குடியிருப்பு ஒன்று. தியாகராய நகரில் குறைந்த வருவாயினர் வாழும் பகுதி மற்றொன்று. ஆராய வந்தவர்கள் குருதியைச் சோதித்ததோடு நில்லாது, உடலுழைப்பின் நன்மையையும் மக்களுக்கு எடுத்துரைத்தனர். திருமங்கலத்தார் கேட்டுவிட்டுக் கலைந்து போகவில்லை. நடக்கச் சொல்கிறீர்கள், நடக்க இடம் வேண்டாமா என்ற வினாவுக்கு அவர்களே விடை கண்டனர். தங்கள் கைப்பணத்தைத் திரட்டித் தங்கள் குடியிருப்புக்குள் ஒரு பூங்காவை அமைத்தனர். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தோர் தொடக்கத்தில் நூற்றுக்கு 14.2 பேர். பின்னர் ஆராய்ந்தபோது அத்தொகை 58.7 ஆக உயர்ந்திருந்தது.

பத்தாண்டின் பின் எடுத்த கணக்கு இன்னும் கருதத்தக்கது. திருமங்கலத்தில் நீரிழிவுடையோர் நூற்றுக்கு 12.4இலிருந்து 15.4 ஆயினர். தியாகராய நகர்ப் பகுதியிலோ 6.5இலிருந்து 15.3 ஆயினர். முன்பு செல்வர் நோய் எனப்பட்டது, பத்தாண்டில் ஏழையின் வாயிலை எட்டிவிட்டது. இவ்வேறுபாட்டுக்குப் பூங்கா ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வருவாய், உணவு, கல்வி எல்லாம் இரு பகுதிக்கும் வேறு. எனினும் ஒன்று தெளிவு. பூங்காவுக்குப் பணம் திரட்ட வல்லோர்க்கு நடக்க இடம் கிடைத்தது. நெருக்கமான சந்துகளில் வாழ்ந்தோர்க்கு அஃது எளிதன்று. அத்தகையோர்க்கு அரசும் சங்கங்களும் கைகொடுத்தாலன்றி அறிவுரை வெறும் சொல்லே.

தமிழ்நாட்டு அரசு 2023 நவம்பர் 4ஆம் நாள் "நடப்போம் நலம் பெறுவோம்" என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீற்றர் நீள நடைபாதைகளை வகுத்தது. நல்ல செயலே. ஆயினும் 8 கிலோமீற்றர் என்ற சொல் நலமுடையோரை ஈர்க்கும். நோயாளியைச் சற்று மிரட்டவுஞ் செய்யும். இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டு 13 பேருடன் ஒரு பூங்காவில் தொடங்கிய 'பார்க்ரன்' என்னும் வாராந்த ஓட்டம் இவ்வச்சத்துக்கு ஓர் எளிய வழி கண்டது. அங்கே ஓடுவோர் ஓடலாம், நடப்போர் நடக்கலாம். எல்லோர்க்கும் பின்னால் வருவதற்கென்றே தொண்டர் ஒருவர் இருப்பார். ஆதலால் எவ்வளவு மெல்ல நடக்கும் நோயாளியும் கடைசி ஆள் ஆவதில்லை. 2018 முதல் அந்நாட்டுப் பொது வைத்தியர்களின் அரச கல்லூரி இவ்வியக்கத்தோடு கைகோத்தது. வைத்தியசாலைகள் தம் அருகிலுள்ள ஓட்டத்தோடு இணைந்து நோயாளரை அங்கு அனுப்புகின்றன. பின்னால் வருவதற்கு ஓர் ஆளை வைத்தது பெருஞ்செலவு பிடித்த காரியமன்று. நோயாளியின் கூச்சத்தை உணர்ந்த ஒருவரே அதனை நினைத்திருக்க முடியும்.

உச்சமுனை போன்ற கரைக்குப் பூங்கா வேண்டியதில்லை. அலை நனைத்துச் சென்ற ஈரமணல் இறுகிக் கிடக்கும், கால் புதையாது. வெயில் தாழ்ந்த பின் அதுவே நல்ல நடைபாதை. வேண்டியது துணையே. கரைவலைக் காலத்தில், நோய் கண்ட பழந்தொழிலாளிக்குச் சம்மாட்டி ஓர் இலகுவான வேலை ஒதுக்கலாம். வந்து சேரும் கயிற்றைச் சுருட்டுவது, மீன் கூடைகளுக்கிடையே நடந்து கணக்குப் பார்ப்பது போன்றவை கௌரவத்தைக் குறைக்காதவை; பங்கும் கிடைக்கும். சில கரைகளில் உழவு இயந்திரத்தில் பொருத்திய உருளையே வலையை இழுக்கத் தொடங்கிவிட்டதனால், திடமானவரின் உழைப்பும் குறைந்து வருகிறது என்பதைச் சம்மாட்டிகளும் எண்ணவேண்டும். கோயிலோ பள்ளிவாசலோ வழிபாடு முடிந்து மக்கள் கூடியிருக்கும் வேளையை இதற்கு உதவலாம். குடும்ப நல மாது பெண்களை நன்கறிந்தவர். அவர் சொல்லால் ஐந்தாறு தாய்மார் சேர்ந்து நடந்தால் எவர் வாயும் அடங்கும். மீனவர் சங்கம் மாதத்தில் ஒரு நாள், வலை ஓய்ந்திருக்கும் மாலையில், சுகாதார உத்தியோகத்தரைப் படகில் அழைத்து வந்து, கரையிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செய்யலாம். சோதனைக்கு நாணி வராத ஆடவரும் தங்கள் வலையடியில் வைத்துப் பார்த்தால் கை நீட்டுவர்.

வைகாசியிற் சோளகம் வீசத் தொடங்கியதும் கரைவலை ஓயும். மேற்குக் கரையில் மணல் கண்ணில் அறையும். நோயாளி மீண்டும் திண்ணையில் இருந்துவிடும் மாதங்கள் அவை. அப்போது நடையைக் குடாப் பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். காற்றின் வேகம் அங்கே சற்றுக் குறைவு. கூட நடப்போர் ஒருவருக்கொருவர் பெயர் அறிந்தவர். இரண்டு நாள் ஒருவர் வராவிட்டால், மூன்றாம் நாள் அவருடைய படலையைத் தட்டி, பாதத்தில் புண் ஏதும் உண்டா என்று பார்த்துவர ஒருவர் போகவேண்டும்.