கத்தரிக்காய் மேல் விழுந்த பழி

எங்கள் மலையூரான பிக்கட்டியின் கடைத்தெருவில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால், மழை, கேரட் விலை, பச்சைத் தேயிலை விலை எல்லாம் முடிந்த பிறகு பேச்சு உடம்புக்கு வந்துவிடும். யாராவது ஒருவர் கையைச் சொறிந்துகொண்டிருப்பார். பத்தியம் சொல்ல உடனே நாலு பேர் இருப்பார்கள். கத்தரிக்காய் கரப்பான், கருவாடு ஆகாது, நிலக்கடலை பக்கமே போகாதே. இப்போது இதோடு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: கோயம்புத்தூரில் ரத்தம் கொடுத்து வாங்கி வந்த அலர்ஜி ரிப்போர்ட். பால், முட்டை, கோதுமை, எள் என்று வரிசையாகப் பெயர்கள். பல பெயர்களுக்கு எதிரே ‘பாசிட்டிவ்’. அதைக் கையில் வைத்துக்கொண்டு, இனி வீட்டில் எதைத்தான் சமைப்பது என்று கேட்பவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாளை நாம் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்க்கலாம்.

அதற்கு முன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கரடி வருவது நமக்குப் புதிதில்லை. ஒரு தோட்டத்தில் இரவுக் காவலர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் பட்டாசு, சட்டைப் பையில், கரடி எப்படி இருக்கும் என்று அடையாளம் எழுதிய சீட்டு. நம் தோலிலும் மூக்கிலும் குடலிலும் இப்படிப்பட்ட காவலர்கள் கோடிக்கணக்கில் உண்டு. மாஸ்ட் செல் என்று பெயர். அவர்களிடம் உள்ள பட்டாசு ஹிஸ்டமின் முதலான ரசாயனங்கள். சீட்டு என்பது ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம். ஒவ்வொரு ஐஜிஇயும் ஏதோ ஒரு புரதத்தின் அடையாளத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். பாலில் இருக்கும் ஒரு சாதுவான புரதத்தைக் கரடி என்று யாரோ தப்பாக எழுதிவைத்துவிட்டால், பால் உள்ளே வந்ததும் பட்டாசு வெடிக்கலாம். தோல் தடிக்கும், அரிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும். நிலைமை முற்றினால் மூச்சுக்குழல் இறுகி, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இந்தச் சீட்டு ரத்தத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த விதம் கேட்கவே வேடிக்கையானது. 1921-இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் பிராஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்ற இரண்டு மருத்துவர்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைப் பிராஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார். மீனால் ஒரு நாளும் தொந்தரவு இல்லாத அவருடைய தோல் அங்கே மட்டும் தடித்து எழும்பியது. ஆக, ஒவ்வாமையைச் சுமக்கும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் இருக்கிறது. அது இன்னதென்று தெரிய இன்னும் நாற்பத்தைந்து வருடம் ஆயிற்று. 1966-இல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி அதை அடையாளம் கண்டார்கள். அதே சமயத்தில் சுவீடனில் ஜோஹான்சன், பென்னிச் என்ற இருவரும் தனியாக அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள்.

இன்று செய்யும் சோதனைகள் இரண்டுமே இந்தச் சீட்டைத் தேடுபவைதான். தோல் சோதனையில் முன்கையில் உணவுச் சாற்றை ஒரு சொட்டு வைத்து, அதன் மேல் ஊசி நுனியால் லேசாகக் குத்துவார்கள். கால் மணி நேரத்தில் எழும் தடிப்பு மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ். பக்கத்திலேயே ஹிஸ்டமின் ஒரு பொட்டு, உப்புநீர் ஒரு பொட்டு ஒப்பிடுவதற்காக வைத்திருப்பார்கள். முன்தினம் அரிப்பு மாத்திரை போட்டிருந்தால் சோதனை கெட்டுவிடும். ரத்தச் சோதனையில் தோலுக்குப் பதில் ரத்தத்தில் உள்ள ஐஜிஇ-யை நேரடியாக அளக்கிறார்கள்.

எல்லோரும் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. பாசிட்டிவ் வந்தால் அலர்ஜி என்று நினைக்கிறோம். அந்தத் தாள் சொல்வது அவ்வளவு இல்லை. காவலர் பையில் சீட்டு இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. பட்டாசைக் கொளுத்துவாரா மாட்டாரா என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது. சீட்டு ஒன்றிரண்டுதான் இருக்கலாம். குடல் அந்தப் புரதத்தை அடையாளமே தெரியாமல் சிதைத்துவிடலாம். சீட்டில் எழுதியது மகரந்தத்தைப் பற்றியதாக இருக்கலாம். செடிகொடிகளின் புரதங்களுக்குள் சாயல் ஒற்றுமை உண்டு என்பதால், எள்ளையும் ஆப்பிளையும் பார்த்தாலும் அந்தச் சீட்டு ஒத்துப்போகும். கறுப்பாக, உடம்பெல்லாம் முடியாக இருக்கும் என்று மட்டும் எழுதியிருந்தால், பக்கத்து வீட்டு எருமையும் அந்தக் கணக்கில் வந்துவிடும் அல்லவா? சீட்டு மட்டும் இருக்கும் நிலைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் வேறு. சாப்பிட்டால் தொல்லை வரும் நிலையைத்தான் அவர்கள் ஒவ்வாமை என்கிறார்கள்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று அளந்து பார்த்த ஆய்வு நமக்கு அக்கம்பக்கத்திலேயே நடந்திருக்கிறது. முதுமலையையும் பண்டிப்பூரையும் தாண்டினால் மைசூர். அங்குள்ள ஜேஎஸ்எஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பி. ஏ. மகேஷும் பிற நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, கர்நாடகத்தில் 20 முதல் 54 வயதுக்குட்பட்ட 11,791 பேரை விசாரித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 விழுக்காடு, அதாவது நாலில் ஒருவர். சாப்பிட்டால் தொல்லையும் வந்து, சோதனையும் ஒத்துப்போய், உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று தேறியவர்கள் 1.2 விழுக்காடுதான். அவர்களிலும் பாலும் ஆப்பிளும்தான் முன்னால் நின்றன. அந்த வட்டாரத்தில் அதிகம் சாப்பிடாத உணவுகளுக்குக்கூடப் பலர் ரத்தத்தில் சீட்டு இருந்தது. அறிகுறி எதுவும் இல்லாத ஒருவர் முப்பது உணவுக்கு மொத்தமாகச் சோதனை செய்துகொண்டால் தாள் நிறையப் பாசிட்டிவ் வருவதில் ஆச்சரியம் இல்லை. அப்படிப்பட்ட மொத்தச் சோதனையால் ஆய்வகத்துக்கு லாபம் உண்டு, வீட்டுக்கு இல்லை என்பது என் எண்ணம். சில தாள்கள் ஐஜிஇ-யைக்கூட அளப்பதில்லை, ஐஜிஜி என்ற வேறொன்றை அளக்கின்றன. அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகிய உடம்பில் அது இருப்பது இயல்பு. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அது உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் 2008-லேயே சொல்லிவிட்டார்கள்.

கத்தரிக்காயை மறந்துவிடவில்லை. அதையும் மைசூரில் சோதித்திருக்கிறார்கள். அங்குள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மகேஷுடன் சேர்ந்து 741 பேரை ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள். கத்தரிக்காயால் ஐஜிஇ வழியாக ஒவ்வாமை வந்தவர்கள் 0.8 விழுக்காடு. ஆண்களைவிடப் பெண்களிடம் இது கூடுதலாக இருந்தது. அப்படியானால் கரப்பான் என்று பாட்டிமார் சொன்னது அத்தனையும் கதையா? அதுவும் இல்லை. கத்தரிக்காயிலேயே ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் இயல்பாக உண்டு. சீட்டும் இல்லாமல் காவலரும் இல்லாமல், வெளியிலிருந்தே கொஞ்சம் பட்டாசு உள்ளே வருகிறது. மீனிலும் இதே கதை உண்டு. கடற்கரையிலிருந்து மலையேறி வரும் சூரையோ கானாங்கெளுத்தியோ வழியில் ஐஸ் குறைந்து கெட ஆரம்பித்தால், பாக்டீரியா அதில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து உடம்பு அரித்ததும், ‘எனக்கு மீன் அலர்ஜி’ என்று முடிவுகட்டி வாழ்நாள் முழுக்க மீனை விட்டவர்கள் உண்டு. குற்றம் அந்த ஒரு மீனுடையது. பால் குடித்தால் வயிறு உப்புவதும் பெரும்பாலும் வேறு விஷயம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு, அவ்வளவுதான்.

சரி, கடைசியில் எப்படித்தான் தீர்மானிப்பது? சாப்பிட வைத்துப் பார்ப்பதுதான் வழி. மருத்துவமனையில், கையருகே அட்ரினலின் ஊசியை வைத்துக்கொண்டு, கடுகளவில் தொடங்கிச் சிறு இடைவெளி விட்டுவிட்டு அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பிறகு சில மணி நேரம் உட்காரவைத்துக் கவனிப்பார்கள். ஆராய்ச்சிக்காகச் செய்யும்போது எந்தக் கிண்ணத்தில் அந்த உணவு இருக்கிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. பயத்தாலேயே அரிப்பு வருவது மனித இயல்பு என்பதால் இந்த ஏற்பாடு. உலகம் முழுவதும் கடைசித் தீர்ப்பு இதுதான். வீட்டில் செய்யக்கூடாத சோதனையும் இதுதான்.

இவ்வளவு பாடுபடுவானேன், சந்தேகமான உணவை விட்டுவிட்டால் போயிற்று என்று கேட்கலாம். வளர்ந்தவர் கத்தரிக்காயை விட்டால் குடி முழுகிப் போகாது. தவழும் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் கடலையையும் ஒரு தாளை நம்பி நிறுத்தும்போதுதான் கஷ்டம். ஒன்று, தோட்டத்து வேலைக்குப் போகும் வீட்டில் அவற்றுக்கு ஈடான சத்தை வேறெதிலிருந்து கொடுப்பது? இன்னொன்று, விலக்குவதே ஒவ்வாமையை வளர்க்கக்கூடும். லண்டனில் கிடியோன் லாக் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நிலக்கடலையை அறவே நிறுத்தினார்கள். மறு பாதிக்குக் குழந்தை விழுங்கும் பக்குவத்தில் வாரந்தோறும் கொடுத்தார்கள். தொடக்கத்தில் தோல் சோதனை நெகட்டிவாக இருந்தவர்களில், ஐந்து வயதில், விலக்கிய குழந்தைகளில் 13.7 விழுக்காட்டுக்குக் கடலை ஒவ்வாமை வந்திருந்தது, சாப்பிட்டவர்களில் 1.9 விழுக்காடு. குழந்தைக்குக் கடலையைத் தள்ளிப்போடு என்று முன்பு சொல்லிவந்த மேல்நாட்டு அறிவுரையே இதனால் தலைகீழாயிற்று.

உண்மையாகவே ஒவ்வாமை உள்ளவருக்கு இன்று என்ன வைத்தியம்? அந்த உணவை விலக்குவது இன்னமும் முதல் வழி. சில நாடுகளில் மிகச் சிறிய அளவில் தொடங்கி மாதக்கணக்கில் கூட்டிக் கொடுத்துத் தாங்கும் சக்தியை வளர்க்கிறார்கள்; நிறுத்தினால் பலருக்கு அந்தச் சக்தி குறைந்துவிடுகிறது. ஒமாலிசுமாப் என்ற ஊசி மருந்து, சீட்டு காவலர் கைக்குப் போகும் முன்பே வழியில் பிடுங்கிக்கொள்ளும். ஆஸ்துமாவுக்குப் பல வருடமாக இருந்த இந்த மருந்தை உணவு ஒவ்வாமைக்கும் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் 2024-இல் அனுமதித்தார்கள். விலைதான் கைக்கு எட்டாது. திடீரென்று மூச்சுத் திணறி மயக்கம் வருகிற வேளையில் உயிர் காப்பது தொடைச் சதையில் போடும் அட்ரினலின்தான். அவில் ஊசி அரிப்பைக் குறைக்கும், மூச்சைத் திறக்காது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையில் நெடுநேரம் போக வேண்டிய நம்மைப் போன்றவர்கள், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதைக் கேட்டுப் போட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

மருந்து ஒவ்வாமையிலும் இதே தடுமாற்றம்தான். ‘பெனிசிலின் ஆகாது’ என்று சின்ன வயதில் மருந்துச் சீட்டில் எழுதியது அறுபது வயதுவரை கூடவே வரும். அப்படி எழுதப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெனிசிலின் ஒத்துக்கொள்கிறது. வைரஸ் காய்ச்சலில் தானாக வந்த தடிப்பு மருந்தின் தலையில் விழுந்திருக்கும். அல்லது வெறும் குமட்டல் அலர்ஜி என்று பதிவாகியிருக்கும். உண்மையான ஒவ்வாமைகூடப் பத்து வருடத்தில் பெரும்பாலோருக்குத் தேய்ந்துவிடுகிறது. நம் ஊரில் ‘டெஸ்ட் டோஸ்’ என்று கையில் குத்தி, பேனாவால் வட்டம் போட்டுவிடுவார்கள். மருந்தைச் சரியாக நீர்க்கச் செய்து, பக்கத்தில் உப்புநீரும் குத்தி, கால் மணி நேரம் பொறுத்துப் பார்க்காவிட்டால், ஊசி குத்திய சிவப்பையே அலர்ஜி என்று படித்துவிடலாம். 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆபத்துக் குறைவு என்று கேள்விகளாலேயே தேர்ந்தெடுத்த 382 பேரில் பாதிப் பேருக்கு ஊசிச் சோதனையை விட்டுவிட்டு நேரே மருந்தை வாயில் கொடுத்துக் கவனித்தார்கள். மீதிப் பேருக்கு முதலில் தோல் சோதனை, பிறகு மருந்து. இரு பக்கத்திலும் தலா ஒருவருக்கு மட்டுமே ஒவ்வாமை தெரிந்தது.

எல்லா மருந்துக்கும் இதை நீட்டக்கூடாது. வலிப்பு மாத்திரை, சல்ஃபா, யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால் போன்றவற்றால், தொடங்கிச் சில நாளோ சில வாரமோ கழித்து வாய் புண்ணாகி, கண் சிவந்து, தோல் உரிந்தால் அது வேறு வகை. அங்கே ஐஜிஇக்கும் மாஸ்ட் செல்லுக்கும் வேலையே இல்லை, தோல் சோதனையும் டெஸ்ட் டோஸும் எதையும் காட்டிக்கொடுக்காது. அந்த மருந்தை இன்னொரு தடவை கொடுத்துப் பார்க்கவே கூடாது. ஆகவே மருத்துவரிடம் போகும்போது ‘மாத்திரை அலர்ஜி’ என்று நிறுத்தாமல், மருந்தின் பெயர், எதற்காகச் சாப்பிட்டது, எத்தனையாவது நாளில் எத்தனை மணி நேரம் கழித்து என்ன வந்தது, அதன் பிறகு அதே மருந்தை எப்போதாவது சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்ததா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தடிப்பைச் செல்போனில் படம் பிடித்திருந்தால் அதையும் காட்டுங்கள். சோதனை வேண்டுமா, வேண்டுமென்றால் எந்தச் சோதனை என்பதையே அவர் அதிலிருந்துதான் முடிவு செய்வார்.