மேனகாவை மீண்டும் மேடையேற்றுங்கள்

குரோம்பேட்டைக்குப் பக்கத்து ஊர் பம்மல். 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய சம்பந்த முதலியாரின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பம்மல் இதுதான். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டிய சபா அது. பணக்கார வீட்டு அசட்டுத்தனத்தை ‘சபாபதி’யில் சிரிக்கச் சிரிக்கக் காட்டினார் அவர். அதே பெரிய வீடுகளுக்குள் நடந்த கொடுமையைக் காட்டியது, வயிற்றுப்பாட்டுக்காக ஊர் ஊராக நாடகம் ஆடிய ஒரு பாலர் குழு.

டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவை ஆரம்பித்தபோது, குருநாதர் சங்கரதாஸ் சுவாமிகளின் புராண, இதிகாச நாடகங்களே அவர்களுக்குப் பெரிய முதல். பாட்டுதான் அவற்றின் உயிர். அந்தக் குழுவுக்கு வாத்தியாராக வந்தார் எம். கந்தசாமி முதலியார், பின்னாளில் ‘சந்திரலேகா’வில் கதாநாயகனாக நடித்த எம்.கே. ராதாவின் தந்தை. ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’, ‘சந்திரகாந்தா’, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ என்று அப்போது பரபரப்பாகப் படிக்கப்பட்ட நாவல்களை அவர் நாடகமாக்கினார்.

மேனகா டெபுடி கலெக்டரின் மகள், வக்கீலின் மனைவி. பணத்துக்கும் அந்தஸ்துக்கும் குறைவில்லாத அந்தக் குடும்பத்தில், விதவையாகிப் பிறந்த வீட்டிலேயே இருக்கும் நாத்தனார்கள் அவளை வதைக்கிறார்கள். கடைசியில் ஒரு தனவந்தருக்கு விற்றே விடுகிறார்கள். அங்கே அவளைக் காப்பாற்றுவது அந்த மனிதரின் மனைவி நூர்ஜஹான். வேறு மதத்து வீட்டில் ஒரு பெண்ணே இன்னொரு பெண்ணுக்குக் காவல் நிற்கும் இந்த இடத்துக்காகவே நாடகத்தைப் பார்க்கலாம் என்பேன்.

வடுவூரார் பக்கம் பக்கமாக வர்ணிப்பார், நடுவே வாசகரைக் கூப்பிட்டுப் பேசுவார், மர்ம முடிச்சை இழுத்துக்கொண்டே போவார். மேடையில் அதெல்லாம் நடக்காது. மாமியார் வீட்டுக் கூடத்தில் நடக்கும் பேச்சிலேயே பகை தெரிந்தாக வேண்டும். பாட்டில் ஊறிய பிள்ளைகளை வசன நடிப்புக்குப் பழக்கிய கந்தசாமி முதலியாருக்கு நாடக வரலாற்றில் இன்னும் பெரிய இடம் தரவேண்டும். 1935-ல் ராஜா சாண்டோ இதே குழுவை வைத்து மேனகாவைப் படமாக்கினார். புராணப் படங்கள் கொடிகட்டிய காலத்தில் வந்த முன்னோடிச் சமூகப் படம் அது. என்.எஸ். கிருஷ்ணன் நடித்து முதலில் திரைக்கு வந்த படமும் அதுதான்.

1999-ல் மேஜிக் லேன்டர்ன் குழு ‘பொன்னியின் செல்வ’னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளி அரங்கில் நடத்திக் காட்டியது. ஐந்து பாக நாவலையே மேடையில் அடக்கியவர்கள் நாம். அரண்மனைக் கதைக்குக் கிடைத்த அக்கறை வக்கீல் வீட்டுக் கதைக்கும் கிடைக்க வேண்டாமா? மேனகாவில் அந்தக் கால மதக் கண்ணோட்டம் உறுத்தும் இடங்கள் உண்டு; அவற்றை இன்றைய மனசாட்சியோடு திருத்தி எழுதலாம்.

குடும்பக் கதை என்றால் கடைசிக் காட்சிவரை எழுந்திருக்காத ரசிகர்கள் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் நங்கநல்லூரிலும் இருக்கிறார்கள். புறநகர் சபா நிர்வாகிகளே, அடுத்த நாடக விழாவில் ஒரு மாலையை மேனகாவுக்கு ஒதுக்குங்கள்.